இடது கிராங்க், ₹16,500

சைக்கிளே எழுபத்தைந்தாயிரம்தான். அதில் மாட்டி, நான் மிதிக்கும் பலத்தை வாட்டில் காட்டும் பவர் மீட்டருக்கு முப்பதாயிரமா என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் என்னோடு ஓட்டுகிறவர்களிடம் பவர் மீட்டரின் நியாயமான விலை என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு. சைக்கிள் விலையில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்கிறார் ஒருவர். அந்தக் காசுக்கு நல்ல சக்கரம் வாங்கலாமே என்கிறார் இன்னொருவர். நெஞ்சில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டையே போதும் என்கிறவரும் உண்டு. எங்களில் எல்லோரையும் முந்திப் போகிறவர் அவர்தான் என்பதால் அவரோடு வாதாட முடிவதில்லை.

கடைசியில் பழையது ஒன்று கிடைத்தது. இடது கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) மட்டும், 170 மி.மீ. நீளம், உட்புறத்தில் ஒட்டிய சின்னப் பெட்டி. மிதிக்கும்போது உலோகம் வளைகிற துளி அளவை உணர்ந்து, அதைச் சுற்றும் வேகத்தோடு பெருக்கி, வந்ததை இரண்டு மடங்காக்கி வாட் என்று காட்டும். வலது கால் என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது.

விற்ற தம்பி இருபதாயிரம் கேட்டார். "அண்ணா, நான் முப்பத்தெட்டாயிரம் கொடுத்து வாங்கியது." அது அந்தக் காலத்து விலை. ஜெர்மனியில் உல்ரிச் ஷோபரர் 1986-இல் எஸ்ஆர்எம் என்ற பவர் மீட்டர் நிறுவனத்தைத் தொடங்கியபின் வெகுகாலம் இது பந்தய வீரர்களின் பொருளாகவே இருந்தது. 2013-இல் வாட் அளக்கும் கார்மின் வெக்டர் பெடல் ஜோடி 1,699 டாலர். ஸ்டேஜஸ் நிறுவனம் இடது கிராங்கை மட்டும் அளந்து 699 டாலரில் ஆரம்பித்தது. பிறகு கனடாவின் ஃபோர்ஐஸ் 399-க்கு இறக்கியது. இப்படி இறங்கிக்கொண்டே வரும் பொருளுக்குப் பழைய பில்லைக் காட்டிப் பயனில்லை. உத்தரவாதத்தோடு புதியதே இருபத்தைந்தாயிரத்துக்குக் கிடைக்கும்போது பழையதற்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு என்றேன். ₹16,500-இல் படிந்தது.

மாட்டுவது அரை மணி வேலை. முதல் தடவை ஓரத்துப் பிளாஸ்டிக் மூடியை அதிகமாக முடுக்கிவிட்டேன். கிராங்க் செக்கு போல இறுகிச் சுற்றியது. தளர்த்தி, விரல் பலத்தில் மட்டும் திருகி, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி 12 நியூட்டன் மீட்டருக்கு (திருகு விசையின் அளவு) இறுக்கியதும் சரியாயிற்று.

அடுத்து, இது பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்து கிலோ என்று அச்சிட்ட உடற்பயிற்சித் தட்டைக் கயிற்றோடு மளிகைக் கடைத் தராசில் வைத்தேன்: 9.86 கிலோ. (கடைக்காரர், "அரிசி எத்தனை கிலோ சார்?" என்றார்.) கிராங்கைத் தரைக்கு இணையாக நிறுத்தி, பின் பிரேக்கைப் பிடித்து, பெடல் அச்சில் தட்டைத் தொங்கவிட்டால் 9.86 × 9.81 × 0.17 (எடை, புவியீர்ப்பு, மீட்டரில் கிராங்க் நீளம்), அதாவது 16.44 நியூட்டன் மீட்டர் காட்ட வேண்டும். செயலி 16.7 காட்டியது. ஏறக்குறைய 1.6 சதவீதம் அதிகம். விற்றவரைத் திட்ட வாயெடுத்த பிறகுதான் உறைத்தது, பெடலுக்கும் எடை உண்டே! தட்டை எடுத்துவிட்டுப் பார்த்தால் 0.5. கழித்தால் 16.2. அதிகம் என்று நினைத்தது உண்மையில் 1.5 சதவீதம் குறைவு. தயாரிப்பாளர் சொல்லும் எல்லையும் அதுதான், மயிரிழையில் தேர்ச்சி.

நண்பர் வீட்டு டிரெய்னரில் (வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும், தானும் வாட் காட்டும் தாங்கி) சைக்கிளை மாட்டி மிதித்தபோது வேறு கதை. டிரெய்னர் 203 வாட், என் கிராங்க் 195. சங்கிலியில் கொஞ்சம் இழப்பு இருப்பதால் டிரெய்னர்தான் குறைவாகக் காட்ட வேண்டும். இங்கே தலைகீழ். மீட்டரின் 1.5 சதவீதத்தைச் சேர்த்தாலும் கணக்கு நேராகவில்லை. இடது கால் 48, வலது 52 என்று பங்கு பிரிந்தாலே 200 வாட்டை இது 192 என்று காட்டும். ஏழு வருடத்துக்கு முன் முறிந்த இடது கணுக்கால் நினைவுக்கு வந்தது.

இரண்டு காலையும் அளக்கும் பெடலுக்கு இன்னும் ஒரு மடங்கு கொடுக்க வேண்டுமா? எனக்கு வேண்டாம். நேற்றைய என்னோடு இன்றைய என்னை ஒப்பிடத்தான் இது. தப்பு ஒரே மாதிரி இருந்தால் போதும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்துப் பத்து நிமிடம் வெளிக்காற்றில் வைத்துப் மிதிக்காதபோது பூஜ்ஜியம் காட்டும்படி சரிசெய்யாமல் கிளம்பிய நாட்களில்தான் எண்கள் தாறுமாறாயின. அது மீட்டரின் குற்றமில்லை. மழையில் நனைந்த பிறகு பேட்டரி மூடியைத் திறந்து துடைக்காமல் விட்டதும் என் சோம்பேறித்தனமே.

பயன் தெரிந்தது மாமல்லபுரம் போகும் வழியில், எதிர்காற்றில். வேகம் மணிக்கு 23 கி.மீ. முன்பானால் மானம் போகிறதென்று முறுக்கி மிதித்து, திரும்பும்போது நாக்குத் தள்ளியிருக்கும். இப்போது 180 வாட்டிலேயே நின்றேன். திரும்பும்போது அதே 180-க்கு 33 வந்தது.

இந்த இடது கிராங்குக்கு இருபதாயிரம் வரை கொடுத்திருப்பேன், தம்பியிடம் சொல்லவில்லை. இப்போது தினமும் படிக்கட்டு விளிம்பில் இடது காலை மட்டும் ஊன்றிக் குதிகாலை ஏற்றி இறக்குகிறேன். மூன்று மாதம் கழித்து அதே டிரெய்னரில் மறுபடி மாட்ட வேண்டும்.