புழு மனையில் ஒரு மாதம்

செப்டம்பர் 4

இளம்புழு மையத்திலிருந்து 100 முட்டைத் தொகுதிக்கான பட்டுப்புழுக்கள் வந்து இறங்கின. இரண்டு முறை தோலுரித்தவை, அரிசி மணியைவிடச் சற்றுப் பெரியவை. தொகுதிக்கு ஏறத்தாழ 500 என்றால் 50,000 வாய்கள்! வாசலில் செருப்பைக் கழற்றிப் பிளீச்சிங் கரைசலில் கால் நனைக்கும்போது, எரியும் முட்புதரின் முன் மோசே மிதியடியைக் கழற்றியது நினைவுக்கு வந்தது. பத்து ஆண்டுகளாகக் கழற்றுகிறேன், இன்றுதான் தோன்றியது.

செப்டம்பர் 5

இரவெல்லாம் மழை. ஈர மல்பெரி இலையைப் போட்டால் புழுவுக்கு நோய் வந்துவிடும். தண்டு தண்டாக உதறி, விசிறியடியில் பரப்பி, துணியால் ஒற்றி எடுத்தேன். தண்டுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினேன். பதினைந்தாவது தண்டிலேயே கடன் தவணை மனதுக்குள் புகுந்துவிட்டது. எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. கையிலிருந்த தண்டிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

செப்டம்பர் 8

அன்னை மரியாவின் பிறந்தநாள். அத்தை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோவிலூருக்குத் திருப்பலிக்குப் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை. நேற்று புழுக்கள் மூன்றாம் தோலுரிப்புக்குப் படுத்துவிட்டன. எல்லாம் விழித்த பிறகுதான் முதல் இலை போட வேண்டும். முந்தி விழித்தவற்றுக்குப் போட்டுவிட்டால் அவை ஒருபுறம் வளரும், மற்றவை பின்தங்கும். கடைசிவரை தொகுதி ஒன்று சேராது. அதனால் காத்திருக்கத்தான் வேண்டும்.

அழுகையாக வந்தது. விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு தட்டருகே குனிந்தேன். இன்னும் விழிக்காதவை தலையை உயர்த்தி, உடல் அசையாமல், தின்னாமல் இருந்தன. பழைய தோல் முகத்திலிருந்து முதலில் விடுபடுகிறது. பிறகு ஒரு நெளிவு, ஒரு ஓய்வு, மறுபடி ஒரு நெளிவு. நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, ஆண்டவர் அந்த மனையில் என்னோடு இருந்தார். இதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

பத்து மணிக்கு இலை போட்டேன்.

செப்டம்பர் 12

நான்கு நாளாகச் செபம் வறண்டு கிடக்கிறது. உதடு மட்டும்தான் அசைகிறது.

தவக்காலத் தியானத்தில் பங்குத்தந்தை சொன்ன லாரன்ஸ் சகோதரரை நினைத்துக்கொண்டேன். பாரிஸ் நகரக் கார்மேல் மடத்தில் சமையற்காரராக இருந்து, 1691இல் இறந்தவர். அதற்கு முன் படைவீரர், காலில் காயம்பட்டவர். அடுப்படி வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. ஆனாலும் பாத்திரங்களின் நடுவே, கோயிலில் முழந்தாளிட்டதுபோலவே இறைவனோடு இருக்கப் பழகினார். எனக்கு ஆறுதல் தருவது வேறொன்று: முதல் பத்து ஆண்டுகள் அவரும் உள்ளுக்குள் தவித்திருக்கிறார். எனக்கு நான்கு நாள்தானே ஆகிறது.

செப்டம்பர் 18

நான்காம் தோலுரிப்பும் முடிந்து பெருந்தீனி. மனைக்குள் நின்றால் ஓட்டின்மேல் தூறல் விழுவதுபோல ஓசை. விடியுமுன் தோட்டம், இரவு பதினொரு மணிக்குக் கடைசித் தீனி. களைப்பில் அத்தையிடம் சுடுசொல் சொல்லிவிட்டேன். அடுத்த தீனியின்போது செபிக்க வாயே எழவில்லை. தண்டுக்கட்டை அப்படியே இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், "மன்னிச்சிடுங்க அத்தை" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் முந்தானையைச் செருகிக்கொண்டு இலை போட என்னோடு வந்துவிட்டார். முதல் வரிசைக்கு அவர் 'பரலோகத்தில் இருக்கிற' சொல்ல, இரண்டாம் வரிசைக்கு நான் சொன்னேன்.

செப்டம்பர் 21

புழு பழுத்துவிட்டது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே ஒளி ஊடுருவுகிறது. கூடு கட்ட வலைகளில் ஏற்றினோம்.

செப்டம்பர் 27

தருமபுரி ஏல அங்காடி. 72 கிலோ வெண்கூடு. நினைத்ததைவிடக் கிலோவுக்கு 20 ரூபாய் குறைவு, தவணைக்குப் போதும். பக்கத்தில் நின்ற பெரியவருக்குப் புழு நோயில் பாதிக்குமேல் போய்விட்டதாம். மூட்டையின் வாயைக் கட்டாமல் கூடுகளுக்குள் கைவிட்டபடியே நின்றார். திரும்பும் பஸ்ஸில் அவருக்காகச் செபமாலையில் ஒரு பத்து மணி சொன்னேன். இந்த முறை எண்ணிக்கை தவறவில்லை.