உவர்மலையிலிருந்து தெரியும் துறைமுகமும் சிறிமாவோவும்

திருகோணமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோணேசரைக் கும்பிடுவார்கள், கோட்டைக்குள் மான்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள், நிலாவெளியில் குளிப்பார்கள், புறாத்தீவுக்குப் படகேறுவார்கள். நானும் அதையெல்லாம் செய்தேன். ஆனால் இந்த முறை போனதற்கு முக்கியக் காரணம் துறைமுகம். சிறிமாவோ பண்டாரநாயக்கவைப் பற்றிக் கொஞ்சக் காலமாகத் தேடித்தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். உலகின் முதல் பெண் பிரதமர் என்ற ஒற்றை வரியோடு பாடப்புத்தகங்கள் அவரை விட்டுவிடுகின்றன. 1971 ஒக்டோபர் 12 அன்று ஐ.நா. பொதுச்சபையில் நின்று, இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக அறிவியுங்கள், வல்லரசுகளின் போர்க்கப்பல் போட்டி இங்கே வேண்டாம் என்று கேட்டவர் அவர். அந்தக் கோரிக்கை ஏன் இந்தச் சின்னத் தீவிலிருந்து எழுந்தது என்பதைத் திருகோணமலையில் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் தங்கியது உவர்மலையில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டு மேல்மாடியில். காலையில் கதவைத் திறந்தால் உள்துறைமுகம் முழுக்கக் கண்ணுக்கு முன்னால். மூன்று பக்கமும் காடு மூடிய குன்றுகள், நடுவில் அசையாத கரும்பச்சைத் தண்ணீர். அப்பால் சீனன்குடாப் பக்கம் மா அரைக்கும் ஆலையின் உயர்ந்த கொள்கலன்கள் வெள்ளையாகத் தெரியும். தெற்கே கொட்டியாரக்குடா, மகாவலி வந்து கடலில் சேரும் இடம். குடாவுக்கு அடியில் ஆழமான கடற்பள்ளம் ஓடுவதால் பெரிய கப்பல்கள் கரைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கலாம். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லோரும் இதற்காகத்தான் அடித்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் சீனன்குடாக் காட்டுக்குள் பிரமாண்டமான எண்ணெய்த் தாங்கிகளை வரிசைவரிசையாகக் கட்டினார்கள். இன்றும் 99 தாங்கிகள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. அந்தச் சண்டையில் ஊர்ச்சனத்துக்கு ஒரு பங்கும் இல்லை. துறைமுகம் இங்கே இருந்தது, அவ்வளவுதான்.

சுதந்திரம் 1948இல் வந்தாலும் பிரித்தானியக் கடற்படை உடனே போய்விடவில்லை. 1957 ஒக்டோபரில்தான் தளம் இலங்கையிடம் வந்தது. அப்போது பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. இரண்டே ஆண்டுகளில், 1959 செப்டெம்பரில், அவர் சொந்த வீட்டு வாசலில் சுடப்பட்டு இறந்தார். அப்போது சிறிமாவோவுக்கு வயது 43, மூன்று பிள்ளைகள்.

அதுவரை அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இரத்தினபுரிப் பக்கத்துப் பெரிய ரத்வத்தைக் குடும்பம். பௌத்தப் பிள்ளை, படித்தது கொழும்பில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகளின் பள்ளியில். 1940இல் கல்யாணம். அடுத்த ஆண்டே லங்கா மகிளா சமித்தியில் சேர்ந்தார். கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து பிள்ளை வளர்ப்பு, சத்துணவு, விவசாயம் என்று வேலை செய்த அமைப்பு அது. இந்தப் பகுதிதான் என்னை அவரிடம் இழுத்தது. கணவரைப் பறிகொடுத்து நேராக மேடைக்கு வந்தவர் என்று அவரைச் சொல்வது அநியாயம். எதிரணிக்காரர்கள் ‘அழும் விதவை’ என்று கேலி செய்தார்கள். 1960 யூலைத் தேர்தலில் அந்த விதவை கட்சியை வெற்றிக்குக் கொண்டுவந்து, யூலை 21ஆம் திகதி பிரதமரானார். தொகுதியில் நிற்காமல் செனட் சபை வழியாக வந்தார். பாதுகாப்பும் வெளிவிவகாரமும் அவர் கையிலேயே இருந்தன. 1962இல் படை, பொலிஸ் அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டதையும் தாண்டினார். அதே ஆண்டு டிசம்பரில் இந்திய சீனப் போருக்குச் சமரசம் தேட ஐந்து நாடுகளைக் கொழும்புக்கு அழைத்தார். எந்தப் பெண்ணும் அதுவரை உட்காராத நாற்காலி அது. எப்படி உட்காருவது என்று கேட்கக்கூட அவருக்கு முன்னால் ஒருத்தி இருக்கவில்லை.

சரி, சமாதான வலயத்துக்கு வருகிறேன். 1971இல் தியாகோ கார்சியாத் தீவில் அமெரிக்கா தளம் கட்டத் தொடங்கியிருந்தது. சோவியத் கப்பல்களும் இந்தக் கடலில் நடமாடின. சிறிமாவோவின் யோசனைக்குத் தன்சானியாவும் தோள் கொடுத்தது. டிசம்பர் 16 அன்று தீர்மானம் நிறைவேறியது: ஆதரவு 61, எதிர்ப்பு இல்லை, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 55. அதே நாள்தான் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அமெரிக்காவின் அணுசக்திக் கப்பல் என்டர்பிரைஸ் அந்த வாரம் வங்காள விரிகுடாவுக்குள் வந்திருந்தது. கோணேசர் கோயில் மலையுச்சியில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிவது அந்த விரிகுடாதான். அங்கே நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வல்லரசுகள் அந்தத் தீர்மானத்தைப் பெரிதாக மதிக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் ஒரு சின்ன நாட்டுப் பெண் அதைக் கேட்டார், 61 நாடுகள் கூட நின்றன. இதை நான் பெருமையாகவே நினைக்கிறேன்.

அன்று இரவு இதை வீட்டுக்கார ஐயாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “தம்பி, நீர் சொல்லுறது சரி. ஆனா எங்களுக்கு அந்த மனுசி எண்டா 61ஆம் ஆண்டுதான்” என்றார்.

1961 தொடங்கியபோது, சிங்களத்தை மட்டுமே அரச மொழியாக்கிய ‘சிங்களம் மட்டும்’ சட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்தது. தமிழரசுக் கட்சி பெப்ரவரி 20 அன்று யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) வாசலில் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியது. மட்டக்களப்பு, திருகோணமலை, வவுனியா, மன்னார் என்று அது பரவியது. ஐயாவுக்கு அப்போது பத்து வயது. அவருடைய தகப்பனார் திருகோணமலைக் கச்சேரியில் எழுதுவினைஞர். காலையில் வெள்ளை நீளக்காற்சட்டை போட்டு, சைக்கிளில் வேலைக்குப் போயிருக்கிறார். வாசலில் அயல்வீட்டுக்காரர்களும் சொந்தத் தம்பியும் குறுக்கே உட்கார்ந்திருந்தார்கள். “அப்பா சைக்கிள விட்டு இறங்கேல்லயாம். ஒரு காலை நிலத்தில ஊண்டிக்கொண்டு அப்பிடியே பாத்துக்கொண்டு நிண்டவராம். பிறகு திருப்பிக்கொண்டு வீட்ட வந்திட்டார்.” அடுத்த நாள் அவரும் வேட்டி கட்டிக்கொண்டு போய் அவர்களோடு உட்கார்ந்தாராம்.

அந்த மார்ச்சில் சிறிமாவோ லண்டனில் பொதுநலவாயப் பிரதமர்கள் மாநாட்டில் இருந்தார். தென்னாபிரிக்காவின் நிறவெறி அங்கே பெரிய வாதமாகி, அந்த நாடு பொதுநலவாயத்தை விட்டே விலகியது அந்த மாநாட்டில்தான். அங்கே அது நடந்துகொண்டிருக்க, இங்கே கச்சேரி வாசலில் சனம் வெயிலில் இருந்தது. ஏப்ரல் 17 அன்று அவசரகாலச் சட்டம் பிறந்தது. இராணுவம் வந்தது. தலைவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். ஏப்ரல் 17 சிறிமாவோவின் பிறந்தநாளும் கூட. அன்று அவருக்கு 45 வயது.

பின்னால், சிங்களத்தில் தேர்ச்சி பெறாத அரச ஊழியர்களின் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் அதை எதிர்த்துப் போட்ட வழக்கு அப்போதைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவிக் கவுன்சில் வரைக்கும் போனது நம்மவர்களுக்குத் தெரியும். ஐயாவின் தகப்பனார் வழக்கெல்லாம் போடவில்லை. வேலையை விட்டுவிட்டு மூதூரில் கொஞ்சக் காணி எடுத்து நெல் விதைத்தார்.

எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. உலகப் பெருங்கப்பல்களைப் பார்த்துக் கடலை விட்டுப் போங்கள் என்று சொல்லத் துணிந்தவர், தன் துறைமுகப் பட்டினத்திலேயே ஒரு அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தவர்களிடம் வந்து பேசவில்லை. இதை எப்படியும் சமன் செய்ய முடியாது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளில் முதலாவது மட்டும் வரும். நம் பக்கத்துப் பேச்சில் இரண்டாவது மட்டும்.

1970இல் அவர் கூட்டணி 116 ஆசனங்களோடு திரும்பி வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததே. 71 ஏப்ரல் இளைஞர் கிளர்ச்சி, 72 குடியரசு யாப்பு, பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல், 74இல் கச்சதீவு, 76இல் கொழும்பில் அணிசேரா மாநாடு. சங்கக்கடை, கூப்பன், விடியற்காலைப் பாண் வரிசை என்றால் அறுபது வயதைத் தாண்டிய எந்த இலங்கையரும் நிமிர்ந்து உட்காருவார்கள். இறக்குமதி நின்றதால் வடக்கில் மிளகாயும் வெங்காயமும் செய்தவர்கள் கல்வீடு கட்டினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 77இல் படுதோல்வி. 80இல் அடுத்த அரசு ஏழு ஆண்டுகளுக்கு அவருடைய குடியியல் உரிமையைப் பறித்தது. அது வெறும் பழிவாங்கல் என்பதே என் எண்ணம்.

உரிமை பறிபோவது என்றதும் கன்னியாவில் சந்தித்த அம்மா நினைவுக்கு வருகிறார். வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் வாளி போட்டு அள்ளி ஊற்றிவிட்டு, ஈரத்தலையோடு வீதியோரக் கடையில் பிளேன்ரீ கேட்டேன். கடைக்கார அம்மாவின் பேச்சு மலையகப் பேச்சு. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், 77 இனக்கலவரத்துக்குப் பிறகு கணவரோடு இங்கே வந்தவர். 1964 ஒக்டோபர் 30 அன்று டெல்லியில் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: நாடற்றிருந்த இந்திய வம்சாவளி மலையக மக்கள் ஒன்பதே முக்கால் இலட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம். பிறகு 74இல் அவர்களைப் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

அம்மா வாழ்க்கைப்பட்ட குடும்பம் இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டது. பெற்றவர்கள் இந்தியாவுக்குப் போட்டார்கள். “எங்கப்பா தலைமன்னார்ல கப்பல் ஏறுன அன்னைக்கு நான் மாசமா இருந்தேன் தம்பி. வழியனுப்பப் போகல. லயத்து வாசல்லயே கும்புட்டுட்டுப் போயிட்டாரு.” அப்பா கோத்தகிரியில் காலமானார். தம்பி ஒருவர் அங்கே இருக்கிறார், வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். சிறிமாவோவைப் பற்றிக் கேட்டேன். கோபமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “அந்தம்மாவும் தாலியறுத்தவங்கதானே, புள்ளைங்கள வச்சுக்கிட்டு. குடும்பம் பிரியுறது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்றார். நான் வாசித்த எந்தக் கட்டுரையும் இதை இப்படிக் கேட்டதில்லை.

2000 ஒக்டோபர் 10, பொதுத் தேர்தல் நாள். 84 வயதில் சக்கர நாற்காலியில் போய் வாக்களித்துவிட்டுத் திரும்பும் வழியில் சிறிமாவோ இறந்தார். இரண்டு மாதத்துக்கு முன்புதான் மூன்றாவது தடவையாக வகித்த பிரதமர் பதவியை விட்டிருந்தார். அந்தத் தேர்தலில் அம்மாவும் வாக்குப் போட்டாராம்.

இப்போது தம்பியைப் பார்க்க இந்தியா போக வேண்டும் என்கிறார். விசாப் படிவத்தை நிரப்பித் தர முடியுமா என்று கேட்டார், கடை வாங்கிலேயே உட்கார்ந்து நிரப்பினோம். தகப்பனாரின் பிறந்த இடம் ஹட்டன் என்று போட்டோம். அவருடைய முந்தைய நாடு எது என்ற கட்டத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு, எதுவும் எழுதாமல் அடுத்ததற்குப் போனோம். விமானத்தில் போகலாமே என்றேன். வேண்டாமாம், கப்பல்தானாம். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஓடும் கப்பலின் விவரத்தைத் தேடி எடுத்து அவருடைய மகனின் நம்பருக்கு அனுப்பினேன். பிளேன்ரீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.