பேனரில் அடங்காத பெரியப்பா

பெரியப்பா இறந்த அன்று மாலை, பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் அழுகையைவிட உரக்கக் கேட்டது, கண்ணீர் அஞ்சலி பேனரில் அவர் பெயருக்குக் கீழே என்ன போடுவது என்ற வாக்குவாதம்தான்.

"முன்னாள் இராணுவ வீரர்" என்ற ஒரு வரி போதும் என்றேன். 1971 போரில் பங்கேற்றவர். மெட்ராஸ் ரெஜிமெண்ட் 1758இல் தொடங்கப்பட்டது என்பதை, அன்றைக்குத் தாமே முன்னின்று ரிப்பன் வெட்டியதைப் போல எங்களுக்கு ஆயிரம் முறை சொன்னவர். காரம் போர்டு கோஷ்டி இதை ஒப்பவில்லை. சிவப்புக் காயைப் போட்டு, ஃபாலோவும் விழுந்துவிட்டால், "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று ரெஜிமெண்டின் போர் முழக்கத்தையே அவர் எழுப்புவார். அந்தச் சத்தத்தில் எதிரே இருப்பவர் கை நடுங்கி, ஸ்டிரைக்கரே குழிக்குள் போய் மைனஸ் ஆன நாட்கள் உண்டு. பட்டாளத்திலிருந்து திரும்பியபின் அவர் காவலாளியாக இருந்த பின்னி மில் 1996இல் மூடப்பட்டது. அந்த ஆண்டுக்கான அர்ஜுனா விருது காரம் வீரர் மரிய இருதயத்துக்கு என்று அறிந்ததும், வேலை போனதைப் பற்றித் துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குக்கூட ஜாங்கிரி கொடுத்து அனுப்பினார்.

புறாக்காரர்கள் தனி அணி. பந்தயப் பயிற்சிக்கென்று ஹோமர் புறாக்களைக் கூடூர் வரை ரயிலில் கொண்டுபோய்ப் பறக்கவிடுவார். புறா மதியமே மாடிக் கூண்டுக்கு வந்துவிடும், பெரியப்பா இரவு பத்து மணிக்கு வருவார். "அதுக்குத் தெரியுது வூட்டுக்கு வழி" என்பார் பெரியம்மா. இதற்கிடையே அவர் கடிகாரமும் பழுதுபார்த்தார். தெருவில் எந்தச் சாவு விழுந்தாலும் விடிய விடியக் கானா பாடினார். அவர் சாவுக்குப் பாடத்தான் அன்று ஆள் கிடைக்கவில்லை.

எல்லாரையும் சமாதானப்படுத்த, இராணுவ வீரர், மில் காவலாளி, காரம் ஆசான், புறா வளர்ப்பாளர், கானா பாடகர், கடிகார மெக்கானிக் என்று ஒரு துண்டுச் சீட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு கல்மண்டபம் பக்கத்தில் இருந்த பேனர் கடைக்குப் போனேன். சீட்டை மேலிருந்து கீழாக இருமுறை படித்த கடைக்காரர், முகத்தில் மெய்யான துயரத்தோடு, "ஒரே நாள்ல ஆறு பேரா சார்? மத்த அஞ்சு பேரு போட்டோ எங்க?" என்று கேட்டார்.

சதுர அடிக் கணக்கைக் கேட்டபின் என் பழைய ஒற்றை வரியே வென்றது. சீருடையும் முறுக்கு மீசையுமாக இருபத்தைந்து வயதில் எடுத்த படத்தைப் போட்டோம்.

மறுநாள் காலை, அந்தப் பேனருக்கு நேர் கீழே நின்ற ஒருவர் என்னைக் கைதட்டி அழைத்தார்.

"தம்பி, வாட்ச் தாத்தா வூடு எது? எச்.எம்.டி. ஒண்ணு ரிப்பேருக்குக் குடுத்து எட்டு மாசமாவுது."

நான் பதில் பேசாமல் மேலே கையைக் காட்டினேன். அவர் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

"அய்யய்யோ, பாவம். தாத்தாவோட புள்ளையா?"