மேசைக்கு நாலு கால்

பாப்பாவுக்கு ஒன்பது மாதம் முடிகிற நேரம். கட்டில் விளிம்பு, என் முந்தானை, அத்தையின் முழங்கால், தண்ணீர்க் குடம் என்று எது கைக்குக் கிடைத்தாலும் பிடித்து எழுந்துவிடுவாள். எழுந்த பிறகு உட்காரத் தெரியாது. நின்றபடியே அழுவாள். போய் உட்கார வைத்தால் அடுத்த நிமிடம் மறுபடி நிற்பாள்.

வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடியில் வேலை, சனிக்கிழமை ராத்திரிதான் பாளையங்கோட்டைக்கு வருவார். நானும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டேன். பகலெல்லாம் அத்தை பாடு. "இவ பின்னாலயே குனிஞ்சு குனிஞ்சு நடந்து எனக்கு இடுப்பு போச்சுளா" என்றார். பிள்ளை நிற்க, நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் விளையாட ஏதாவது வாங்க வேண்டும் என்று ஆனது அப்படித்தான்.

முதலில் சொந்தக்காரர் ஒருவர் வாக்கர் கொண்டுவந்தார். நடுவில் பிள்ளையை உட்கார வைத்து, சக்கரத்தோடு ஓடுமே, அது. தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். கனடாவில் 2004இலேயே அதை விற்கத் தடை போட்டுவிட்டார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். படியில் உருண்டு விழுந்த பிள்ளைகள் அவ்வளவு பேர். பரணில் ஏற்றிவிட்டோம். கொண்டுவந்தவர் வரும் நாட்களில் மட்டும் அதைக் கீழே இறக்கி வைப்போம். (அவர் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

அப்புறம்தான் ஆக்டிவிட்டி டேபிள். ஆன்லைனில் 1,899 ரூபாய். நாலு பியானோ கட்டை, சுற்றுகிற சக்கரம், குட்டி டெலிபோன், அமுக்கினால் விளக்கு எரியும் தவளை, எல்லாம் ஒரே பலகையில். நான் எண்ணியது பொத்தான்களை. பதினேழு இருந்தன. இன்னொன்றில் பன்னிரண்டுதான், அதனால் இதை வாங்கினேன். பெட்டியைப் பிரித்ததும் அத்தை கேட்டார்: "ஏளா, இது மேசையா, பஞ்சுமிட்டாய் வண்டியா?"

எங்கள் வீடு பழைய வீடு. சிவப்புச் சிமெண்ட் தரை, ஐம்பது வருஷம் தேய்த்துத் துடைத்ததில் முகம் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் பாப்பா தவழ்ந்து வந்து, மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்து எழுந்தாள். பாதி எழுந்திருப்பாள், மேசை சர்ரென்று நழுவிச் சுவரோடு போய் நின்றது. இவள் முகம் குப்புற. கீழுதடு கிழிந்து ரத்தம். அத்தை ஓடிப் போய்ச் சீனியை அள்ளி உதட்டில் வைத்து அழுத்தினார். சுவரோரம் தவளை விளக்கு எரிந்து ஆங்கிலத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

ராத்திரி, பெட்டி படுக்கை எடை பார்க்கும் கொக்கித் தராசில் மேசையைத் தூக்கிப் பார்த்தேன். 2 கிலோ 100 கிராம். பாப்பா 8 கிலோ 300.

நழுவுவதுதானே பிரச்சினை என்று நினைத்தேன். ஊன்றுகோலின் அடியில் மாட்டுவார்களே ரப்பர் புஷ், சர்ஜிக்கல் கடையில் அதில் நாலு வாங்கி மேசைக் கால்களில் மாட்டினேன். பிடித்துத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. பெருமையாக இருந்தது. மறுநாள் பாப்பா விளிம்பைப் பிடித்துத் தொங்கியதும் மேசை அவள் பக்கமாகக் கவிழ்ந்தது. நல்லவேளை, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தேன், பிடித்துவிட்டேன். முன்பு நழுவித் தப்பித்துக்கொண்டிருந்த மேசை இப்போது நழுவ வழியில்லாமல் சாய்கிறது.

நான் பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவள். விசையின் திருப்புத்திறன் (விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருகிற சுழற்றும் பலம்) என்று கரும்பலகையில் வருஷாவருஷம் படம் போடுகிறேன். அன்றைக்குத்தான் அதை வீட்டில் போட்டுப் பார்த்தேன். மேற்பலகை 36 செ.மீ. அகலம். கால்களோ விளிம்பிலிருந்து 8 செ.மீ. உள்ளே தள்ளி இருந்தன. அப்படியென்றால் பலகையின் நடுவிலிருந்து கால் வரிசைக்கு 10 செ.மீ. மேசையின் எடை 2.1 கிலோ, தூரம் 10, பெருக்கினால் 21. பிள்ளை தொங்குவது கால் வரிசைக்கு 8 செ.மீ. வெளியே. 21ஐ எட்டால் வகுத்தால் 2.6. இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல் அழுத்தினால் கவிழ்ந்துவிடும். பாப்பாவின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம்.

அதே 2.1 கிலோ மேசைக்குக் கால்கள் விளிம்புக்கு நேர் கீழே இருந்தால் பிள்ளை எவ்வளவு கீழ்நோக்கி அழுத்தினாலும் கவிழாது. பொத்தான் எண்ணிய நேரத்துக்கு இதைப் பார்த்திருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைகளுக்குப் போனோம். படத்தில் பார்த்து வாங்குகிற வேலையே வேண்டாம் என்று முடிவு. நான் செய்தது ஒரே சோதனை: மேசையின் விளிம்பில், கால் இல்லாத இடமாகப் பார்த்து, உள்ளங்கையை வைத்து என் பலத்தை இறக்குவது. முதல் கடையில் இரண்டு மேசை கவிழ்ந்தன. மூன்றாவதற்குக் கை வைக்கும்போது கடைக்காரர் வந்துவிட்டார். "மேடம், இது பிள்ளைங்க வெளையாடுறது." "அதான் அண்ணாச்சி, பிள்ளை எழுந்து நிக்கும்போது இப்படித்தான் பிடிக்கும்." "எங்க பிடிக்கச் சொல்லுவோமோ அங்கதான பிடிக்கணும்" என்றார். அவர் வீட்டில் கைக்குழந்தை இல்லை போல.

இன்னொரு கடையில் மரமேசை இருந்தது. கனம் நல்ல கனம். கால்களும் மூலையிலேயே. ஆனால் உயரம் 50 செ.மீ. பாப்பாவோ 71 செ.மீ. அவளுக்கு அது கழுத்தளவு. மூன்று வயதுப் பிள்ளை நாற்காலி போட்டு உட்கார்ந்து வரைய வேண்டியது. மேசை உயரம் நிற்கிற பிள்ளையின் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே இருந்தால்தான் தோளைத் தூக்காமல் விளையாட முடியும். எங்கள் பிள்ளைக்கு அளந்து பார்த்ததில் 15 அங்குலம், அதாவது 38 செ.மீ. வந்தது. விரைவில் வளர்ந்துவிடுவாளே என்று பெரிய சட்டை எடுப்பதுபோல மேசை எடுக்க முடியாது.

கடையில் இன்னும் இரண்டு விஷயம் பார்த்தேன். ஒன்று ஐ.எஸ்.ஐ. முத்திரை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். நான் ஆன்லைனில் வாங்கியதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் முத்திரை கண்ணில் படவில்லை. இன்னொன்று பேட்டரி மூடி. அது திருகாணி போட்டு முடுக்கியதாக இருக்க வேண்டும், விரலால் தள்ளித் திறப்பதாக இருக்கக் கூடாது. பொத்தான் மாதிரி வட்டமாக, பளபளவென்று இருக்கும் பேட்டரி உள்ள சாமான் என்றால் நான் வீட்டுக்குள்ளேயே விட மாட்டேன். அது தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். விழுங்கியதை யாரும் பார்க்கவில்லை என்றால் பிள்ளை எதற்கு அழுகிறது என்றே தெரியாது.

வெறுங்கையோடு திரும்பினோம். வரும் வழியில் வீட்டுக்காரர்தான் சொன்னார், நம்ம ஆசாரியிடம் கேட்டால் என்ன என்று.

எங்கள் தெரு ஆசாரி அதிகம் பேச மாட்டார். நான் தாளில் போட்டுக் கொடுத்த படத்தைப் பார்த்தார். காலை மூலையில் நேராக வரைந்திருந்தேன். "டீச்சர், நேரா வச்சாலும் ஆடும். கொஞ்சம் பரத்தி வைக்கணும். பிறந்த ஆட்டுக்குட்டி நிக்குத மாதிரி" என்றார். எனக்குத் திருப்புத்திறன், அவருக்கு ஆட்டுக்குட்டி. காலின் அடி, விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை வெளியே வரும்படி சாய்த்தார். அதற்கு மேல் போனால் பிள்ளையின் கால் தட்டும் என்றார். அதுவும் சரிதான்.

கால்களுக்கு வீட்டிலேயே மரம் இருந்தது, மாமா காலத்துத் தேக்குக் கட்டில். அதில் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்தப் பெயின்டோடு அப்படியே வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில். அதற்கு முன்னால் அடித்ததில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பிள்ளையோ விளிம்பைக் கடிக்கிற வயது. ஆசாரி தன் பட்டறையிலேயே இழைப்புளி போட்டுப் பச்சை முழுவதையும் சீவி எடுத்தார். சீவியதை அள்ளிக் கட்டி அப்புறப்படுத்தவும் சொன்னேன். "இதுக்குப் புது மரமே வாங்கிருக்கலாம்" என்று முனகினார். தேக்கு மணம் வந்ததும் முனகலை நிறுத்திவிட்டார்.

மேலே 18 மி.மீ. பிளைவுட், இரண்டடிக்கு ஒன்றரையடி. சுற்றிலும் மரச்சட்டம், மூலைகள் வட்டமாக. உப்புத்தாள் போட்டு மூன்று தடவை தேய்த்தார். எடை எட்டுக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, கிட்டத்தட்ட பாப்பாவின் எடை. ஊன்றுகோல் புஷ் வீணாகவில்லை, இந்தக் கால்களுக்கும் பொருந்தும்படி அடியைச் செதுக்கிக் கொடுத்தார். கூலியும் பிளைவுட்டும் சேர்த்து 2,400 ரூபாய்.

பலகையின் ஒரு பக்கம் வட்டமாக ஓட்டை போட்டு, அதில் எவர்சில்வர் கும்பா ஒன்று விளிம்போடு உட்காரும்படி செய்தோம். பொரி போடலாம், ஈரத் துணி போடலாம், அரை அங்குலம் தண்ணீர் ஊற்றலாம். தண்ணீர் என்றால் யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும், முடிந்ததும் கும்பாவைக் கழற்றிக் கவிழ்த்துவிடுவோம். இன்னொரு பக்கம் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள். நடுவில் கட்டையில் மாட்டிய ஒரு மரச்சக்கரம். அவ்வளவுதான்.

அம்பாசமுத்திரத்தில் கடைந்த சொப்பு ஒரு செட் எங்கள் வீட்டில் உண்டு, நான் விளையாடியது. அதையும் மேசையில் வைக்க எனக்கு ஆசை. குழவி, கரண்டி, குட்டிச் செம்பு எல்லாம் மிகச் சின்னது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. குறுக்களவுள்ள உருளை ஒன்று வைத்திருப்பார்கள், அதற்குள் முழுசாக அடங்குவது எதுவும் கூடாது. எங்கள் குழவி அதில் தாராளமாக அடங்கும். திரும்ப டப்பாவில் போட்டு மூடினேன். மூன்று வயதில் எடுத்துக்கொள்ளட்டும்.

பாப்பாவுக்குப் பிடித்தது தாழ்ப்பாள். முதல் நாலு நாள் உள்ளங்கையால் அடித்துப் பார்த்தாள். அது நகரவில்லை. பிறகு ஆள்காட்டி விரலைக் கொக்கியாக வளைத்து இழுக்கத் தெரிந்தது. இழுத்தால் டக் என்று சத்தம். திரும்பி அத்தையைப் பார்ப்பாள். அத்தை "யாரு அது, கதவைத் திறந்தது?" என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மறுபடி இழுப்பாள். இடது கையால் விளிம்பைப் பிடித்தபடி வலது கையால் இழுத்தாள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் இடது கை விளிம்பில் இல்லை. தொப்பை மேசையில் சாய்ந்திருக்க, இரண்டு கையும் தாழ்ப்பாளில். அப்புறம் மேசையைச் சுற்றிப் பக்கவாட்டில் நடை. பத்தரை மாதத்தில் அது. பிடிக்காமல் நடக்கப் பதின்மூன்று மாதம் ஆனது. பக்கத்து வீட்டுப் பையன் பதினோரு மாதத்திலேயே நடந்தான் என்று எங்களிடம் நிறையப் பேர் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எப்போது வந்தாலும் இயல்புதான். சொன்னவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பயனில்லை, எனக்காக வைத்துக்கொண்டேன்.

பஞ்சுமிட்டாய் வண்டியைத் தூக்கிப் போடவில்லை. நாலு காலையும் கழற்றிவிட்டுப் பலகையைத் தரையில் வைத்தால் அது நல்ல சாமான்தான், உட்கார்ந்து விளையாடலாம். சொல்லப்போனால் ஆறேழு மாதத்தில், உட்கார மட்டும் தெரிந்தபோது, அப்படி வைத்திருக்க வேண்டியது. ஒலிபெருக்கித் துளைகள் மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டியதும் பாட்டு தூரத்துக் கோயில் ரேடியோ மாதிரி ஆகிவிட்டது. அத்தைக்கு இப்போது அந்தப் பாட்டு மனப்பாடம், சாம்பார் தாளிக்கும்போது முணுமுணுக்கிறார்.

பாப்பாவுக்கு இப்போது ஒன்றரை வயது. மேசை ஆடாது, நழுவாது, கவிழாது என்பது அவளுக்கும் நன்றாகத் தெரிந்துவிட்டது. போன வாரம் ஒரு முட்டியைத் தூக்கி மேலே வைத்து ஏறிவிட்டாள். அத்தை அடுக்களையிலிருந்து வந்து பார்த்தால், கும்பாவுக்குள் ஒரு காலும் பலகையில் ஒரு காலுமாக நின்று மின்விசிறி சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கே மேசையைச் சுவரை விட்டு எடுத்து நடு வீட்டில் போட்டு, கீழே பழைய மெத்தை விரித்தோம். போகவர எங்கள் கால் விரல் இடிக்கிறது. ஆசாரி பார்த்துவிட்டு, "அடுத்தாப்ல ஏணி கேப்பா டீச்சர்" என்றார்.