குமிழி ஓடும் நேரம்: சிறுநீரக ஸ்கேன் அறைக் குறிப்புகள், பெங்களூரு

2025 மார்ச் 3, திங்கள்

கிரியேட்டினின் (சிறுநீரகம் பலவீனமானால் ரத்தத்தில் கூடும் கழிவு) 3-ஐத் தாண்டியவர். சிறுநீரகத்தில் 2 செ.மீ. கட்டி, நீர்க்கட்டியா, சதைக்கட்டியா என்று சாதாரண அல்ட்ராசவுண்டில் பிடிபடவில்லை. சிடிக்கு அயோடின் மருந்து ஏற்ற எல்லோருக்கும் தயக்கம். ரத்தத்தில் நுண்குமிழிகளை ஏற்றி, கட்டிக்குள் ரத்தம் ஓடுகிறதா என்று அல்ட்ராசவுண்டில் காட்டும் குமிழி மருந்து உதவுவது இங்கேதான். சோனோவ்யூ என்ற குமிழி மருந்தில் இருப்பது சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயு, அதைச் சுற்றி மெல்லிய கொழுப்பு உறை. ஒரு குமிழி சராசரியாக 2.5 மைக்ரான், சிவப்பணுவைவிடச் சிறிது. ரத்தக்குழாயை விட்டு வெளியே கசியாது, சிறுநீரில் இறங்காது. வாயு மூச்சோடு போய்விடும். அதனால் கிரியேட்டினின் பார்க்காமலே கொடுக்கலாம். டயாலிசிஸில் இருப்பவருக்கும் கொடுக்கலாம்.

சிறுநீரில் இறங்காது என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சிறுநீர்ப் பாதை நிரம்பித் தெரியாது. அங்கே அடைப்பா, வளர்ச்சியா என்ற கேள்விக்கு இந்த ஸ்கேனை எழுதி அனுப்புவது வீண்.

மார்ச் 4, செவ்வாய்

மருந்து கலக்குவதில்தான் பாதிக் கோளாறு. மருந்துக் குப்பியில் 25 மி.கி. தூள். 5 மி.லி. ஸலைனைச் செலுத்தி 20 நொடி பலமாகக் குலுக்க வேண்டும்; பால் மாதிரி வெளுத்தால் சரி. 6 மணி நேரம் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் குமிழிகள் மேலே மிதந்துவிடும், ஒவ்வொரு முறை எடுப்பதற்கு முன்பும் மறுபடி குலுக்கியே எடுக்கணும். காலையில் கலந்ததை மதியம் குலுக்காமல் இழுத்தால் வருவது பெரும்பாலும் வெறும் ஸலைன். பிறகு "கட்டிக்குள் ரத்தம் போகவில்லை" என்று அறிக்கை எழுதினால் யார் பொறுப்பு?

முழங்கை மடிப்பில் 20 கேஜ் (ஊசியின் தடிமன்) கேனுலா, அதாவது நரம்பில் செருகும் குழாய். மெல்லிய ஊசியில் வேகமாகத் தள்ளினால் குமிழி உடையும். மூன்று வழிக் குழாயில் மருந்து நேர் வழியில், ஸலைன் பக்க வழியில், மாற்றிப் போடாதீர்கள். சிறுநீரகத்துக்கு 1 முதல் 1.2 மி.லி. போதும். கல்லீரலுக்குக் கொடுக்கும் 2.4 மி.லி.யைப் பழக்கதோஷத்தில் இங்கேயும் கொடுத்தால், முன்பக்கப் புறணி (சிறுநீரகத்தின் வெளி அடுக்கு) பளீரென்று எரிந்து பின்னால் இருப்பதை நிழலாக மறைத்துவிடும். மருந்துக்குப் பின்னால் 5 முதல் 10 மி.லி. ஸலைன். ஸலைன் தள்ளத் தொடங்கும்போது கடிகாரத்தை ஓட விடுங்கள்.

மார்ச் 6, வியாழன்

மெஷின். மெக்கானிக்கல் இண்டெக்ஸ் (ஒலி அலையின் அழுத்த அளவு) 0.1-க்குக் கீழே, பெரும்பாலும் 0.06–0.08. அதற்கு மேல் போனால் பார்க்கப்போன குமிழியை நாமே உடைக்கிறோம். ஃபோகஸ் கட்டிக்குக் கீழே. திரையை இரண்டாகப் பிரித்து, சாதாரணப் படமும் குமிழிப் படமும் பக்கத்தில் பக்கத்தில்.

ஊசி போடுவதற்கு முன் 5 நொடி வெறும் படம் பதிவு செய்யணும். இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம். சுண்ணாம்பு படிந்த சுவரும் சிறுநீரகத்தின் நடுக் கொழுப்பும் மருந்து இல்லாமலே குமிழிப் படத்தில் மின்னும். முன்படம் கையில் இல்லாவிட்டால் அந்த மினுக்கலை ரத்த ஓட்டம் என்று எழுதிவிடுவோம். ஆழமான கட்டியின் பின்சுவரிலும் எச்சரிக்கை: முன்னால் குமிழி நிறைந்த திசுவைக் கடந்து போகும் ஒலி தன் வடிவம் திரிந்து, குமிழியே இல்லாத இடத்தையும் வெளிச்சமாகக் காட்டும். ப்ரோபை (உடல்மேல் வைக்கும் ஸ்கேன் கருவி) வேறு கோணத்தில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் இடம் மாறினால் அது பொய்.

மார்ச் 8, சனி

மூச்சு. ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொன்னால் 15 நொடியில் தளர்ந்து கட்டி திரையை விட்டு ஓடிவிடும். மெல்லிய மூச்சு போதும். ஊசிக்கு முன்பே ஒத்திகை பார்த்துவிடுங்கள். இந்த ஊரில் அல்சூர்ப் பகுதிக்காரருக்குத் தமிழ், அடுத்தவருக்குக் கன்னடம், அதற்கடுத்தவருக்கு இந்தி. மருந்து ஏறிய பிறகு மொழி தேட நேரம் கிடையாது.

மார்ச் 11, செவ்வாய்

10 முதல் 15 நொடியில் புறணி ஒளிரும். உள் பகுதி மெதுவாக, 30 நொடிக்கு மேல்தான் நிரம்பும். முதல் ஒரு நிமிடம் நிறுத்தாமல் பதிவு. பிறகு அரை நிமிடத்துக்கு ஒருமுறை சில நொடிகள், 3–4 நிமிடம் வரை. ப்ரோபை எடுக்காமல் வைத்தே இருந்தால் குமிழிகள் உடைந்து, கட்டி 'வெளுத்துப் போனது' போலத் தோன்றும்.

ரத்தம் கட்டிய பழைய நீர்க்கட்டி, உள்ளே எவ்வளவு கலங்கலாக இருந்தாலும், கடைசி வரை கன்னங்கரேலென்றே இருக்கும். பாப்பில்லரி வகைச் சிறுநீரகப் புற்றில் சோம்பலாக நாலைந்து குமிழிகள் ஏறும். சிடியில் மருந்துக்குப் பின் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் (திசு அடர்த்தி அளவு) 10–20 மட்டும் கூடி இழுபறியாக நிற்கும் கட்டிகளில் இந்த வித்தியாசம்தான் கைகொடுக்கிறது. புறணி மாதிரியே ஏறி, புறணி மாதிரியே இறங்கினால் பெர்ட்டின் தூண். புற்று இல்லை, இயல்பான சதைதான்.

நாள்பட்டு நலிந்த சிறுநீரகத்தில் புறணியே மங்கலாக, தாமதமாகத்தான் ஒளிரும். அதை அளவுகோலாக வைத்துக் கட்டியைக் "கூடுதல் ஒளிர்வு" என்று எழுதுவதற்கு முன் ஒரு கணம் யோசிக்கணும்.

மார்ச் 13, வியாழன்

நீர்க்கட்டியில் புற்று இருக்கும் வாய்ப்பைத் தரம் பிரிக்கும் போஸ்னியாக் வகைப்பாடு 1986-இல் சிடிக்காக வந்தது. 2019 திருத்தத்தில் எம்ஆர்ஐயும் சேர்ந்தது, குமிழி ஸ்கேன் சேரவில்லை. அதற்கேற்ற வகைப்பாட்டை ஐரோப்பிய அல்ட்ராசவுண்ட் கூட்டமைப்பு 2020-இல் முன்வைத்தது. காரணம் எளிது: குமிழி அளவுக்கு மிஞ்சிய நுட்பம். சிடியில் தெரியாத, நீர்க்கட்டிக்குள் உள்ள மெல்லிய தடுப்பில்கூட ஒற்றைக் குமிழி ஊர்வது தெரியும். அதைப் பார்த்து மூன்றாம் வகைக்கு ஏற்றினால் தேவையில்லாத அறுவை சிகிச்சை. 2 மி.மீ.க்குள் உள்ள தடுப்பில் ஒன்றிரண்டு குமிழி என்றால் பயப்படாதீர்கள். 4 மி.மீ. தடிப்பும் தொடர்ந்த ஒளிர்வும் மூன்றாம் வகை. 4 மி.மீ. முண்டு ஒளிர்ந்தால் நான்காம் வகை.

மார்ச் 15, சனி

கடுமையான ஒவ்வாமை அரிது, கிட்டத்தட்ட பத்தாயிரத்தில் ஒருவருக்கு. அந்த ஒருவர் எப்போது வருவார் என்று தெரியாது என்பதால் அட்ரினலின் அறைக்குள்ளேயே, ஊசிக்குப் பின் 30 நிமிடம் கண்காணிப்பு. மலமிளக்கித் தூளிலும் இருக்கும் பாலிஎத்திலீன் கிளைக்காலுக்கு ஒவ்வாமை இருந்தால் இந்த மருந்து கூடவே கூடாது. அந்தத் தூள் குடித்து எதிர்வினை வந்ததா என்று கேட்டாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

சதைக்கட்டி என்று உறுதியானால் அத்தோடு நிறுத்துங்கள். கொழுப்பு குறைந்த ஆஞ்சியோமயோலிப்போமா, ஆன்கோசைட்டோமா (இரண்டும் புற்றல்லாத கட்டிகள்), தெளிந்த செல் புற்று மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழும் ஒளிர்வு காட்டும். பெயர் சொல்ல பயாப்சி (திசுவை எடுத்துச் சோதிப்பது) இருக்கிறது.