ஒரு பெற்றோமாக்ஸும் நாலு தூதும்

தமிழ் வாத்தியார் என்னைப் 'பன்னாடை' என்று ஏசினதை வெறும் ஏச்சென்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். கள்ளு வடிக்கிற அந்த நார்வலையைச் சொல்லி ஏசுவது ஊரில் சாதாரணம். நன்னூல் பாயிரத்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது, மனிசன் ஏசினதுகூட இலக்கணப்படிதான் என்று.

பவணந்தி முனிவர் மாணாக்கரை எட்டாகப் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் போன்றவர்கள் தலை மாணாக்கர். மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி கடை. நெய்யரி என்றால் பன்னாடை: நல்ல நெய்யைக் கீழே போகவிட்டுக் கசடை மட்டும் பிடித்து வைத்திருக்கும். நான், வகுப்பில் சொன்ன பகிடியெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டு பாடத்தை விட்டுவிடுகிற ஆள். இந்தக் கட்டுரையை வாசித்தாலும் அது உங்களுக்கு விளங்கும்.

அதே பாயிரம் ஆசிரியர்களையும் சும்மா விடவில்லை. ஆசிரியராகத் தகாதவர்களுக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்று நாலு உவமை. இதில் மடற்பனை எங்களுக்கு உடனே பிடித்துப்போனது. கருக்குமட்டை சுற்றி நிற்கிற பனையில் ஒருவரும் ஏற ஏலாது. தானாக விழுந்தால்தான் பழம். வாத்தியார் விளக்கிக்கொண்டிருக்க, பின்வாங்கில் இருந்த நாலைந்து பேரும் யன்னலால் அதிபரின் அலுவலகத்தைப் பார்த்துச் சிரித்தோம்.

அந்தப் பனையில் ஏறப் போன கதைதான் இது.

1993. நாங்கள் உயர்தர வகுப்பு, கணிதப் பிரிவு. போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் தடைப்பட்டியலில். ஜாம் போத்தலில் திரி போட்டுத்தான் வீட்டில் படிப்பு. காலையில் மூக்கைச் சீறினால் கரி வரும். எங்களில் ஒருவனின் மாமா வீட்டில் ஒரு பழைய பெற்றோமாக்ஸ் சும்மா கிடந்தது. அதைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து, ஆளுக்குக் கொஞ்சம் எண்ணெய் போட்டு, பத்தொன்பது பேரும் பின்னேரத்தில் ஒரு வகுப்பறையில் ஒன்றாக இருந்து படிக்கலாம் என்பது யோசனை. வேண்டியது அதிபரின் அனுமதி மட்டும்.

பெயர் எழுத மாட்டேன். எழுதினால் இந்தப் பழைய மாணவர் மலர் கைக்குக் கிடைத்த அன்றே நாலு நாட்டிலிருந்து தொலைபேசி வரும். பட்டப்பெயர் போதும், உரியவர்கள் தங்களைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

முதல் தூது அப்புக்காத்து, அதாவது வழக்கறிஞர். விவாத அணித் தலைவன். பேசுகிறபோது ஒரு விரலைத் தூக்கி 'முதலாவதாக' என்று தொடங்குவான். பத்தொன்பது போத்தல் விளக்கு ஒரு இரவுக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும், ஒரு பெற்றோமாக்ஸ் எவ்வளவு குடிக்கும் என்று அளந்து, மிச்சம் எவ்வளவு என்று கணக்கோடு போனான். கணக்குச் சரி. அதிபர் கேட்டுவிட்டு, "ஏலாது தம்பி" என்றார். அவன் 'இரண்டாவதாக' என்று தொடங்கினான். அவர் எழும்பி வெளியே போய்விட்டார். அப்புக்காத்துக்கு இன்றுவரை விளங்காத விஷயம், சரியான கணக்கைப் பார்த்த பிறகும் ஒரு மனிசன் எப்படி 'ஏலாது' என்று சொல்லலாம் என்பதுதான்.

அடுத்தது தரகர். இவனுக்கு உலகத்தில் எல்லாமே 'ஆர் ஆர் செய்யினம்' என்பதில்தான் இருக்கிறது. எல்லோரும் வாங்கின கொம்பாஸ் பெட்டியைத்தான் வாங்குவான். "சேர், மற்றப் பள்ளிக்கூடங்களில எல்லாம் பெடியள் இரவில படிக்கினம்" என்று தொடங்கினான். "அப்ப நீரும் அங்க போய்ப் படியும்" என்று பதில் வந்தது. 1984இல் வெளிவந்த ராபர்ட் சியால்டினியின் நூலைப் பல வருடம் கழித்து இங்கே கனடாவில் வாசித்தேன். மற்றவர்கள் செய்கிறார்கள் என்று காட்டி ஆளை இணங்க வைக்கிறதற்குச் 'சமூகச் சான்று' என்று பெயர் வைத்திருக்கிறார். தரகரை நினைத்துச் சிரிப்பு வந்தது. அந்த வித்தை வேலை செய்வது பெரும்பாலும் எங்களைப் போன்றவர்கள் செய்கிறார்கள் என்றால்தான். எங்கள் அதிபருக்குத் தன்னைப் போல இன்னொரு அதிபர் இந்தக் குடாநாட்டில் இருக்கிறார் என்ற எண்ணமே கிடையாது.

சண்டியன் போனது தனிக்கதை. நீளமில்லை. "விடாட்டி நாங்கள் வகுப்புக்கு வரமாட்டம் சேர்" என்றான். ஒரு கிழமை அவன் வகுப்புக்கு வரவில்லை, அதிபர் விடவில்லை.

பிறகு நான். நாலு தூதிலும் அதிகம் வெட்கப்பட வேண்டியது இதுதான். எனக்கு நல்ல தமிழ் வாசித்தால் மனம் இளகிவிடும். ஆகவே அதிபருக்கும் இளகும் என்று முடிவு செய்து, எட்டுப் பக்கத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். 'இருள் சூழ்ந்த இவ்வேளையில்' என்று தொடக்கம். நடுவில் திருக்குறள், சொல்வன்மை அதிகாரத்திலிருந்து: கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்க் கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல். இரண்டு நாளில் திருப்பித் தந்தார். சிவப்பு மையால் பதினொரு இடத்தில் ஒற்றுப்பிழை திருத்தியிருந்தார். குறளில்கூட 'கேட்டார் பிணிக்கும்' என்று நான் எழுதியிருந்ததில் ஒரு 'ப்' போட்டிருந்தார். கோரிக்கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் மட்டும், 'கேட்டாரைப் பிணிக்கச் சொல்லியிருக்கு. களைக்கச் சொல்லேல்லை.'

அதோடு நாங்கள் விட்டுவிட்டோம். அப்போதுதான் மூசாப்பு, "நான் ஒருக்கால் கதைச்சுப் பாக்கட்டோ?" என்றான். மழை வருமாப்போல இருண்ட முகம், ஆனால் பெய்யாது. அதனால் அந்தப் பெயர். அவன் பேசி நாங்கள் கேட்டது குறைவு. சரி, போ என்றோம்.

அவன் கொண்டுபோனது கொப்பியிலிருந்து கிழித்த அரைத்தாள். அதில் மண்ணெண்ணெய் இல்லை, படிப்பு இல்லை, குறளும் இல்லை. எந்த வகுப்பறை: பங்கருக்கு, அதாவது பதுங்குகுழிக்கு, பக்கத்தில் இருக்கிறது. றோட்டுப் பக்க யன்னலுக்குச் சாக்கு கட்டுகிறது யார். எட்டு மணிக்கு யார் யாரோடு எந்த ஒழுங்கையால் வீட்டுக்குப் போகிறார்கள். பத்தொன்பது பேரின் தகப்பன் அல்லது தாயின் கையெழுத்து. அவ்வளவுதான். அதிபர் இரண்டு தரம் வாசித்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டாராம். "பிளேன் சத்தம் கேட்டால் விளக்கை ஆர் நூர்க்கிறது?"

"நான், சேர்."

அடுத்த திங்கட்கிழமை தொடங்கினோம்.

உனக்கு எப்படியடா தெரியும் என்று பிறகு கேட்டோம். பொம்பர் வருகிற நாட்களில் எல்லோரும் பங்கருக்கு ஓடும்போது, அதிபர் மட்டும் வெளியில் நின்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பதை அவன் கண்டிருக்கிறான். எண்ணி முடித்துத்தான் அவர் இறங்குவாராம். நாங்களும் அதே பங்கருக்குள்தான் இருந்தோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மற்ற மூன்று பேரையும் நான் பகிடி பண்ணுவதாக நினைக்கக் கூடாது. கணித ஆசிரியரைக் கிழமையில் இரண்டு நாள் இரவில் வரச் சம்மதிக்க வைத்தது அப்புக்காத்தின் அதே கணக்குத்தான். அவருக்குக் கணக்கு விளங்கும். வீடு வீடாகப் போய் அரைப் போத்தல் எண்ணெய் சேர்த்தது தரகர். "பக்கத்து வீட்டில தந்திட்டினம் அன்ரி" என்று சொன்னால் எங்கள் ஊரில் எந்த அன்ரி இல்லை என்று சொல்லுவா? சண்டியன் யாரையும் இணங்க வைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் பெற்றோமாக்ஸுக்குக் காற்றடிக்க அவனை விட்டால் ஆள் கிடையாது.

இதெல்லாம் திரும்ப ஞாபகம் வந்தது ரொறன்ரோவில் ஒரு அலுவலகப் பயிற்சி நாளில். நீண்ட கேள்விக்கொத்து ஒன்றைத் தந்து, கடைசியில் ஒவ்வொருவருக்கும் ஆளுமை வகை என்று நாலு எழுத்து ஒட்டினார்கள். கார்ல் யுங் 1921இல் எழுதிய கருத்துகளை வைத்து, கதரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணும் அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் உருவாக்கிய பதினாறு வகை அது. பவணந்தியாரைவிட இரண்டு மடங்கு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. சில கிழமை விட்டு அதே ஆள் திரும்ப எழுதினால் வேறு பெட்டிக்குள் விழுவது நிறைய நடக்கிறது. உளவியல் ஆய்வாளர்கள் கூடுதலாகப் பாவிப்பது ஐந்து பண்புகள் கொண்ட அளவுகோலைத்தான். அதில் பெட்டி இல்லை, கூடக்குறைய என்ற அளவு மட்டும்.

அந்த ஐந்து பண்பையும் வைத்து ஜேக்கப் ஹெர்ஷ், சோனியா காங், கேலன் போடன்ஹவுசன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2012இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே தொலைபேசிக்கு ஐந்து விளம்பரம், ஒவ்வொன்றும் ஒரு பண்புக்கு ஏற்ற மாதிரி. தங்கள் குணத்தோடு ஒத்துப்போகிற விளம்பரம்தான் ஆட்களுக்குக் கூடப் பிடித்திருந்தது. வாசித்தவுடன் எனக்கு அந்த அரைத்தாள்தான் கண்ணுக்குள் வந்தது. அப்புக்காத்து, தரகர், நான், மூன்று பேரும் கொண்டுபோனது எங்களுக்கே பிடித்த விளம்பரங்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிவிட்டு அதிபரிடம் பேசியதாக நினைத்திருக்கிறோம்.

எங்கள் ஊருக்கு இது புதிது என்றும் சொல்ல முடியாது. 1847ஆம் ஆண்டு கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் பிரசங்கம் தொடங்கினபோது, மேடைப் பேச்சுப் பாணியை எடுத்தது பாதிரிமாரிடமிருந்து. பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர் அவர். ஆனால் பேசியது கோயிலுக்கு வந்த சைவச் சனத்துக்கு, அந்தச் சனத்தின் கவலையை. அந்த வழியால் ஆயிரம் தரம் சைக்கிளில் போயிருக்கிறேன், எட்டுப் பக்க விண்ணப்பம் எழுதினபோது இது நினைவுக்கு வரவில்லை. பன்னாடை என்றால் பன்னாடைதான்.

பெற்றோமாக்ஸின் மாண்டில் நாலு மாதத்தில் உடைந்தது. வேறு மாண்டில் யாழ்ப்பாணத்தில் அப்போது கிடைக்கவில்லை. பரீட்சைக்கு ஒரு கிழமைதான் இருந்தது, பெரிய நட்டமில்லை.

போன வருடம் வகுப்பறைக் கட்டடத்துக்குக் கூரை போடச் சங்கம் பணம் சேர்த்தது. அப்புக்காத்து லண்டனிலிருந்து செலவு விவரத்தை அட்டவணையாக அனுப்பினான். தரகர் யார் யார் எவ்வளவு தந்தார்கள் என்ற பட்டியலை வாட்ஸ்அப்பில் போட்டான், அதில் என் பெயருக்கு நேரே வெறுமை. சண்டியன், "எப்ப அனுப்புறாய்?" என்று மட்டும் கேட்டான். பார்ப்போம், பார்ப்போம் என்று மூன்று பேரையும் கடத்திவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து மூசாப்பு எடுத்தான். காசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கூரைக்காக எல்லாருக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறானாம், "மச்சான், தமிழ் பிழையாயிருக்கும், ஒருக்கால் பாத்துத் திருத்தித் தாவன்" என்றான். இரவிரவாக இருந்து திருத்தினேன். திருத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு வரியையும் மூன்று தரம் வாசிக்க வேண்டும்தானே. மழைக்கு ஒழுகுகிற வகுப்பறை, நனைந்த கொப்பிகள், எல்லாம் மூன்று தரம். நடுவில் அந்தக் குறளும் இருந்தது, 'கேட்டார் பிணிக்கும்' என்று. ஒரு 'ப்' போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு, கையோடு பணத்தையும் அனுப்பினேன்.

படுக்கையில் சரிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, சாதாரண தரப் பரீட்சையில் அவன் தமிழுக்கு விசேட சித்தியான 'டி' எடுத்தவன் என்று.