ஒரு வரிச் சிபாரிசு

விதானை வேலையில் இருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. காகிதத்தில் கிராம அலுவலர். சனத்துக்குக் கடைசி நாள் வரைக்கும் விதானையார்தான். வதிவிடச் சான்றிதழ், காணிப் பிணக்கு, வெள்ள நிவாரணம் என்று இருபத்தெட்டு வருஷம் போட்ட கையெழுத்துகளில் முக்கால்வாசி யாருக்கு, எதற்கு என்று ஞாபகத்தில் இல்லை. துவக்கு லைசன்ஸுக்குச் சிபாரிசு கேட்டு வந்தவர்களை மட்டும் ஒருவர் விடாமல் சொல்வேன். பதினொரு பேர்.

வன்னியில் துவக்கு என்றால் வாசிக்கிறவர் உடனே வேறு துவக்கைத்தான் நினைப்பார். நியாயம்தான். நான் சொல்ல வந்தது தோட்டத்துத் துவக்கை. பன்றிக்கும் குரங்குக்கும் வெடி வைக்கிற சொட்கன்னை.

இதற்கான சட்டம் 1916இல் வெள்ளைக்காரன் போட்ட 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். இடையிடையே திருத்தினார்களே தவிர, அடித்தளம் இன்றைக்கும் அதுதான். லைசன்ஸை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். ஒக்டோபர் முதலாம் திகதியில் இருந்து டிசம்பர் 31 வரைக்கும் அதற்கான தவணை. காலபோக விதைப்பும் அதே மாதங்களில்தான் வரும். ஆகவே என் வாசல் வாங்கில் அந்த நாள்களில் குந்துகிறவர்களின் காலில் சேறு இருக்கும், கண்ணில் நித்திரை இருக்காது. இரவு முழுக்கக் காவல் கொட்டிலில் தகரம் தட்டிவிட்டு, விடிய நேரே என்னிடம் வருவார்கள்.

விண்ணப்பத்தில் காணி எத்தனை ஏக்கர், என்ன பயிர், என்ன சேதம் என்று கேட்டிருக்கும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நான் ஒரு வரி எழுத வேண்டும்: பயிர்ப் பாதுகாப்பின் நிமித்தம் சிபாரிசு செய்கிறேன், அல்லது செய்யவில்லை. பிறகு அது பொலிஸுக்கும் பிரதேச செயலகத்துக்கும் போய், மாவட்டச் செயலகமான கச்சேரியில் ஏறும். மேலே இருக்கிறவர்களுக்கு ஆளைத் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சேதம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லித்தான் வீட்டுக்குப் போவேன். காணியைச் சுற்றிப் பார்க்கிறது பத்து நிமிஷ வேலை. மிச்ச நேரம் தேத்தண்ணி குடித்தபடி வீட்டைப் பார்ப்பேன். வெற்றுப் போத்தல்கள் எங்கே கிடக்கின்றன, வேலி எல்லைக்காக யாரோடு கதை இல்லை என்றெல்லாம். முக்கியமாக நாய். வீட்டுக்காரன் குரல் கொடுத்தால் நாய் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறதா, வாங்குக்குக் கீழே போய்ப் பதுங்குகிறதா? இதை எந்தச் சுற்றறிக்கையும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பதினொரு பேரில் ஒருவர் நகரத்தில் நகைக்கடை வைத்திருந்தவர். எங்கள் பிரிவில் அவருக்கு வயல் இருந்தது. வயலைக் காட்டி, கடைக்குப் பாதுகாப்பாகத் துவக்கு எடுக்கப் பார்த்தார். தற்பாதுகாப்புக்கென்றால் பாதுகாப்பு அமைச்சுக்கு எழுதுங்கோ, பன்றியின் பெயரில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். எடுத்தாரோ இல்லையோ. 2024 நவம்பர் 7க்குள் தற்பாதுகாப்புத் துவக்குகளை எல்லாம் வெலிசறையில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்லி அமைச்சு அறிவித்தபோது அவரை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

எனக்குத் துவக்கு பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். என் அப்பப்பாவிடம் இரட்டைக் குழல் 12 போர் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் திண்ணையில் சாக்கை விரித்து அதைத் துடைப்பார். அந்த எண்ணெய் மணம் இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது. துடைத்து முடித்ததும் துவக்கை முறித்து, குழலை வானத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். நல்ல மனநிலையில் இருந்தால் என்னையும் பார்க்க விடுவார். உள்ளே வட்டம் வட்டமாக வெளிச்சம் ஓடும். கறுப்பாக ஒரு பொட்டு இருந்தாலும் திரும்பத் துடைப்பார். ஒரு வருஷத்தில் அவர் வைத்த வெடி ஐந்தைத் தாண்டாது. துடைத்தது ஐம்பது தரம் இருக்கும். அதை ஆசை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

1985இல் ஒரு நாள் பின்னேரம் இயக்கப் பொடியள் வந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். அந்த நாள்களில் வன்னியில் லைசன்ஸ் துவக்கு இருந்த வீடுகளுக்கெல்லாம் இப்படி ஆள் வந்தது. அப்பப்பா ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். அவர்கள் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டை ஓலைப்பெட்டிக்குள் வைத்து, சாகும் வரைக்கும் பத்திரமாக வைத்திருந்தார். துவக்கு போன மாதமே பன்றி மரவள்ளிக்குள் இறங்கிவிட்டது. அதற்கும் யாரோ தகவல் சொல்லியிருக்க வேணும் என்பார் அப்பாச்சி.

லைசன்ஸ் துவக்கு இல்லாத இடத்தை ஊரில் செய்த இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் பிடித்துக்கொண்டன. கட்டுத்துவக்குக்கு ஆள் தேவையில்லை. குழாயை மரத்தில் கட்டி, மிருகம் வரும் தடத்துக்குக் குறுக்கே நூலை இழுத்துவிட்டு வீட்டில் போய்ப் படுத்துவிடலாம். நூலைக் கட்டுவது பன்றியின் நெஞ்சு உயரத்துக்கு. அந்த உயரத்தில் மனிதனுக்கு இருப்பது முழங்கால். ஊரில் வெடிக்காரர் என்று பெயர் எடுத்த ஒரு கிழவர் இருந்தார். மரையின் காலடியைத் தொட்டுப் பார்த்தே எத்தனை மணிக்குப் போனது என்று சொல்லக்கூடியவர். அவருக்கும் ஒரு நாள் காட்டில் காலில் நூல் பட்டது. யாருடைய நூல் என்று அவருக்குத் தெரியும். அந்த ஆளின் மகளின் கலியாணத்துக்கு நொண்டி நொண்டி வந்து பந்தியில் இருந்து சாப்பிட்டவர். பெயரை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

நான் ஓய்வு பெற்ற வருஷம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கனடாவில் இருந்து மச்சான் ஒருவர் வந்து நின்றார். ஸ்காபரோவில் வீடு. அவருடைய பொழுதுபோக்கு துவக்கு என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாமர நிழலில் கதிரைகளைப் போட்டு இருந்தோம். வெடிக்காரக் கிழவரும் ஊன்றுதடியோடு வந்திருந்தார். மச்சான் போனில் படம் காட்டத் தொடங்கினார். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போவாராம். பறக்க விட்ட களிமண் தட்டுக்குச் சுடுவார்களாம். வீட்டில் இரும்பு அலுமாரி, அதற்குப் பூட்டு. துவக்கைக் காரில் கொண்டு போவதென்றாலும் தோட்டாவைக் கழற்றிவிட்டுத்தான். 2020இல் ஆயிரத்து ஐந்நூறு மாதிரி மாடல்களை அரசாங்கம் தடை செய்தது, 2022 ஒக்டோபரில் கைத்துப்பாக்கி விற்கிறதையும் வாங்குகிறதையும் நிற்பாட்டியது என்று அவருக்குச் சரியான கவலை.

எங்கள் பெடியள் அவரைச் சுற்றி நின்றார்கள். இரவும் பகலும் ஃப்ரீ ஃபயர் விளையாடுகிற கூட்டம். படத்தைக் கண்டதும் எது எந்த ரகம் என்று அவருக்கு முன்னால் பெயர் சொன்னார்கள். ஒருவன் தன் போனில் விளையாட்டைத் திறந்து காட்ட, படபடவென்று சத்தம் வந்தது. குசினிக்குள் இருந்து என் மனைவி, "உந்தச் சத்தத்தைக் குறையடா" என்றாள். துவக்கின் பெயர் தெரியாமலே சத்தத்தை வைத்து அவள் ரகம் சொன்ன யுத்த காலம் ஒன்று இருந்தது. பெடியன் போனை மூடிவிட்டான்.

கிழவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, அங்கை தோட்டத்துக்குப் பன்றி வருமோ?"

"இல்லை அப்பு. இது ஒரு விருப்பத்துக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில மான் வேட்டைக்கும் போவம்."

வேட்டைப் படம் ஒன்று வந்தது. காட்டுக்குள் மச்சான் பளிச்சென்ற செம்மஞ்சள் அங்கியும் தொப்பியுமாக நிற்கிறார். பெடியள் சிரித்துவிட்டார்கள். இந்த நிறத்தில் போனால் மான் நிற்குமா என்று ஒருவன் கேட்டான். "மானுக்கு உந்த நிறம் வடிவாத் தெரியாது" என்றார் மச்சான். கிழவர் தலையாட்டினார்: "மான் மணத்தில பிடிக்கும். காத்துப் பக்கம்தான் பாக்கவேணும். அப்ப உடுப்பு ஆருக்குத் தெரியிறதுக்கு?"

"மற்ற வேட்டைக்காரருக்கு அப்பு. மான் எண்டு நினைச்சு ஆளைச் சுட்டுப் போடுவாங்கள். அங்கை சட்டமே அப்பிடி."

கிழவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுமனே முழங்காலைத் தடவினார்.

நான் தொழில் புத்தியில் கேட்டேன்: அங்கே லைசன்ஸுக்கு யார் சிபாரிசு? விதானை மாதிரி ஆள் இல்லை என்றார் மச்சான். பாதுகாப்பு வகுப்புக்குப் போய், சோதனை பாஸ் பண்ணி, பொலிஸ் விசாரித்து, ஐந்து வருஷத்துக்கு ஒரு லைசன்ஸ். உங்களைத் தெரிந்தவர்கள் இரண்டு பேரின் விபரம் வேண்டும். "அதோட மனுசியின்ர கையெழுத்துக்கும் ஒரு இடம் இருக்கு. அவ வைக்காட்டில் துவக்கு லைசன்ஸ் அதிகாரி அவவுக்கு அறிவிப்பார். போன இரண்டு வருஷத்துக்குள்ள பிரிஞ்ச மனுசி எண்டாலும்தான்."

"அக்கா வைச்சவவோ?"

"ரெண்டு கிழமை இழுத்துத்தான் வைச்சவ" என்று சிரித்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனுசியின் கையெழுத்துக்கு ஓர் இடம் என்ற சொல் என்னைக் கொண்டுபோய் 2016இல் விட்டது.

அந்த வருஷம் கச்சான், அதாவது நிலக்கடலை, போடுகிற தோட்டக்காரர் ஒருவர் விண்ணப்பம் கொண்டுவந்திருந்தார். நல்ல உழைப்பாளி. இரண்டு ஏக்கர் கச்சான், ஓரத்தில் சோளம். கச்சான் காய் பிடிக்கும் நாளில் பன்றி இறங்கினால் உழவு மெஷின் தேவையில்லை, மூக்காலேயே உழுதுவிடும். காரணத்தில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குப் போனேன். காணி பார்த்தேன், தேத்தண்ணி குடித்தேன். அவர் குரல் கொடுத்தபோது நாய் எழும்பி வீட்டுப் பின்பக்கம் போய்விட்டது. அதை வைத்து என்னத்தை எழுதுவது? சிபாரிசு செய்வோம் என்றுதான் இருந்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் அவருடைய மனைவி வந்தார். மகளின் பிறப்புச் சான்றிதழ் அலுவல் என்றார். கொண்டுவந்த காகிதத்தில் ஒரு பிழையும் இல்லை. வாங்கில் இருந்தவர்கள் எழும்பிப் போகும் வரைக்கும் காகிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றார். பிறகு மேசைக்குக் கிட்ட வந்து, என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

"ஐயா, அவருக்குத் துவக்குக் குடுக்காதேங்கோ. அவர் நல்லவர். குடிச்சால்தான்... வீட்டுக் கத்தியையே நான் பின்னேரம் ஒளிச்சு வைக்கிறனான்."

அவ்வளவுதான். காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சிபாரிசு இல்லை என்று எழுதினால் காரணமும் எழுத வேண்டும். காரணம் எழுதினால் அது பொலிஸுக்குப் போகும். பொலிஸ் வீட்டுக்குப் போகும். யார் சொன்னது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிஷம் போதும். சிபாரிசு என்று எழுதவும் கை வரவில்லை. விண்ணப்பத்தை மேசையின் கீழ் லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். அவர் கேட்ட நேரமெல்லாம், கச்சேரியில நிக்குது தம்பி என்றேன். கச்சேரி மேல் பழியைப் போட்டால் எங்கள் ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அந்தப் போகம் பன்றி வந்தது. சேத மதிப்பீட்டுக்கு நான்தான் நாடா பிடித்துக்கொண்டு போனேன். ஒரே இரவில் முக்கால் ஏக்கர். மண் பிரண்டு கிடந்தது, பிஞ்சுக் கச்சான் வெள்ளையாகச் சிதறிக் கிடந்தது. அவர் ஒரு பிடி அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "துவக்கு இருந்திருந்தால் விதானையார்..." என்றவர் மிச்சத்தைச் சொல்லவில்லை. நான் முக்கால் ஏக்கரை ஒரு ஏக்கர் என்று எழுதினேன். என் சேவைக்காலத்தில் தெரிந்துகொண்டே எழுதிய பொய் அது. அவருடைய மனைவி வேலிக் கரையில் நின்றார். என்னைப் பார்த்தாரா என்று நான் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் கச்சான் பிடுங்கியதும் ஒரு பையில் கட்டிக்கொண்டுவந்து தருவார். சேதப் பணத்துக்கு நான் ஓடித் திரிந்தேன் என்று நன்றி. ஒவ்வொரு வருஷமும் வாங்குவேன்.

மச்சான் கனடாவுக்குத் திரும்பிப் போய்ச் சில கிழமையால் அவர் வந்தார். பையைத் திண்ணையில் வைத்தார்.

"விதானையார், அந்தப் பழைய போம் இனிச் சரிவராது போல. புது விதானைப் பிள்ளையிட்டப் புதுசாக் குடுக்கட்டோ?"

"குடுத்துப் பாரும் தம்பி" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் ஒழுங்கை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு புது விதானையின் நம்பரைத் தேடி எடுத்தேன். சின்னப் பிள்ளை, வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட இல்லை. எடுத்ததும், சொல்லுங்கோ சேர் என்றாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"அந்தக் கச்சான் தோட்ட வீட்டுக்குச் சேதம் பார்க்கப் போவாய். போனால் முதலில நாயைப் பார் பிள்ளை" என்றேன்.